விபூதி பூசிய டம்ளர் ஒளிர்ந்தது

கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை வாழ்க்கையில் ஒரு முறையாவது தெர்மல் கேமராவில் பார்த்துவிடுங்கள். விரலை வைத்தால் சுடுகிறது, துண்டு இல்லாமல் தூக்க முடியவில்லை. ஆனால் திரையில் அந்த டம்ளர் கருநீலமாக, குளிர்ந்துபோன பொருளாக நிற்கிறது. உள்ளே காபியின் மேற்பரப்பு மட்டும் வட்டமாக, வெள்ளையும் மஞ்சளுமாகத் தகதகக்கிறது. ஏதோ வெறும் காற்றில் காபி மிதந்துகொண்டிருப்பது போல. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடமாக தினமும் இரண்டு வேளை கையில் பிடித்த பொருள், தன் சூட்டை இப்படி மூடி மறைக்கத் தெரிந்தது என்று யார் நினைத்தார்கள்!

அந்தக் கேமரா என்னுடையது அல்ல. எங்கள் தெருவில் எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் தம்பி ஒருவர் வைத்திருப்பது. கோவையைச் சுற்றியுள்ள மில்களின் பேனல் போர்டுகளில் எந்த இணைப்பு தளர்ந்து சூடாகிறது என்று பார்க்க அதைப் பயன்படுத்துகிறார். என் ஆச்சரியத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "பளபளன்னு இருக்கற உலோகத்துக்கிட்ட இது ஏமாந்துருமுங்கண்ணா. கரண்ட் போற உலோகப் பட்டை இருக்குல்ல, பஸ்பாரு, அதப் பாக்கறதுன்னா, ஷட்டவுன்ல இருக்கறப்பவே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிருவோம். டேப் மேல வெச்சுப் பாத்தாத்தான் நெசச் சூடு தெரியும்" என்றார். பையிலிருந்து இன்சுலேஷன் டேப்பை எடுத்து டம்ளரில் ஒரு துண்டு ஒட்டினார். சில நொடிகள்தான். கருநீல டம்ளரின் மேல் அந்தத் துண்டு மட்டும் ஜன்னல் திறந்தது போல ஒளிர்ந்தது. டேப்பின் மேல் கேமரா 65 டிகிரிக்கு மேல் காட்டியது. ஒரு விரற்கடை தள்ளி, வெறும் உலோகத்தில், நாற்பதைக்கூடத் தொடவில்லை.

அடுத்து நான் செய்தது, பூஜை அறைக்குப் போனது. விபூதியைத் தண்ணீரில் குழைத்து டம்ளரின் வயிற்றில் மூன்று விரலால் இழுத்தேன். சூட்டில் உடனே காய்ந்தது. கேமராவைத் திருப்பினால், இருட்டில் மூன்று கோடுகள் அப்படியே எரிகின்றன! நம் கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும் சாம்பல், அந்தக் கேமரா பார்க்கும் அகச்சிவப்பு அலைகளுக்குக் கறுப்பு. கறுப்பு என்றால் விழுந்ததை விழுங்குவது. விழுங்குவதில் கெட்டிக்காரனான பரப்பு, சூடானால் உமிழ்வதிலும் கெட்டிக்காரன். மெருகேறிய எவர்சில்வர் இரண்டிலும் கஞ்சன். அதே வெப்பத்தில் இருக்கும் முழுக் கறுப்புப் பரப்பு உமிழ்வதில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் அது வெளியே விடும். மீதிக்கு, எதிரே இருக்கும் சுவரையும் நம் முகத்தையும் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கும். டம்ளரைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தபோது அதன் வளைவில் என் முகமே மங்கலாக, சூடான குமிழாகத் தெரிந்தது.

ஒரு பொருள் வெளியே காட்டும் முகத்தை, அந்தப் பொருளை மாற்றாமலே மாற்றி எழுத முடியும். பொருட்களை மறைக்கும் இந்தத் துறையின் மேல் எனக்குப் பித்துப் பிடித்ததே இதனால்தான். ரேடாருக்கு ஒரு முகம், தெர்மல் கேமராவுக்கு ஒரு முகம், கண்ணுக்கு ஒரு முகம். எல்லாமே பரப்புக்கும் அலைக்கும் நடுவில் நடக்கும் கொடுக்கல் வாங்கல். கணக்கில் ஒரு வரியைத் திருத்தினால் முகமே மாறிவிடுகிறது.

கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் வீடு முழுக்க அலைந்தேன். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற என் மனைவி திரையில் காணாமல் போனார். கண்ணாடி அந்த அலைகளுக்குச் சுவர். குப்பை கட்டும் கறுப்புப் பாலித்தீன் பைக்குள் கையை விட்டால், கண்ணுக்குத் தெரியாத கை திரையில் ஐந்து விரலோடு பளிச்சென்று தெரிகிறது! கண்ணாடி ஒளிபுகாப் பொருள், கறுப்புப் பை ஒளிபுகும் பொருள். பள்ளியில் படித்த அட்டவணை அப்படியே தலைகீழ்.

இதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று படித்தபோது தூக்கம் போனது. ஹார்வர்டில் ஃபெடெரிகோ கபாசோவின் குழுவில் மிகைல் கட்ஸ் 2013-ல் காட்டிய விந்தை ஒன்று உண்டு. சபையர் தகட்டின் மேல் வனேடியம் டை ஆக்சைடு என்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசினார்கள். அந்தப் பொருள் சுமார் 68 டிகிரி செல்சியஸை ஒட்டி மின்சாரத்தைக் கடத்தாத நிலையிலிருந்து உலோகம் போன்ற நிலைக்கு மாறும். அந்த மாற்றம் நடக்கும் இடைவெளியில், தகட்டைச் சூடாக்கச் சூடாக்க அது தெர்மல் கேமராவில் குளிர்ந்துகொண்டே போகிறது. பின்னால் கட்ஸ் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமேரியம் நிக்கல் ஆக்சைடைக் கொண்டு 2019-ல் இன்னும் நுணுக்கமாக ஒன்றைச் செய்தார். சுமார் 30 டிகிரி வீச்சுக்கு, வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அது உமிழும் ஒளி மாறாது. சூடு ஏறும்போது உமிழ வேண்டிய கூடுதலை, குறைந்துகொண்டே போகும் உமிழ்திறன் சரியாக ஈடுகட்டிவிடுகிறது. ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று தின்று பூஜ்யமாகும்படி ஒரு பொருளை வடிவமைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான கணக்கு!

அடுக்களை இன்னும் முடியவில்லை. ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் போரோசிலிகேட் சோதனைக் குழாய் ஒன்று வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி வேண்டாம், சூடு தாங்கும் போரோசிலிகேட்தான். கண்ணாடி டம்ளரில் பாதிக்கு நல்லெண்ணெய் ஊற்றி, குழாய்க்குள்ளும் அதே எண்ணெயை நிரப்பி, மெல்ல இறக்குங்கள். எண்ணெய் மட்டத்துக்குக் கீழே போகும் பகுதி போய்விடும். மங்கலாவது, தேய்வது என்று எதுவும் கிடையாது. மேலே பாதிக் குழாய் நிற்கிறது, கீழே ஒன்றும் இல்லை. குச்சியால் தட்டினால் சத்தம் கேட்கிறது. கேட்கும் இடத்தில் எதுவும் தெரியவில்லை.

காரணம் ஒளிவிலகல் எண். ஒளி ஒரு பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண் அது. போரோசிலிகேட் கண்ணாடிக்கு 1.473. நல்லெண்ணெய்க்கும் நம் அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட அதேதான். எண்ணெயிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளிக்கு எல்லை தாண்டியதே தெரிவதில்லை. வளைவதில்லை, திரும்பி வருவதில்லை. வளையாத, திரும்பாத ஒளியில் கண் எதைப் பிடிக்கும்? தேங்காய் எண்ணெயில் இதையே செய்தால் குழாயின் விளிம்பு ஆவி போலத் தெரிந்துகொண்டே இருக்கும். அதன் எண் 1.455-ஐ ஒட்டியது. தசம இடத்தில் அவ்வளவு சின்ன வித்தியாசம், கண் கண்டுபிடித்துவிடுகிறது. மருந்துக்கடை கிளிசரினிலும் குழாய் சுத்தமாக மறையும், அதற்கு நிறமும் இல்லை, அதனால் பார்க்க இன்னும் பிரமாதம்.

இதைவிட நான் ரசித்தது ஒன்று உண்டு. நல்லெண்ணெயைக் கொஞ்சம் சூடுபடுத்துங்கள். எண்ணெய் விரிவடைய, அதன் எண் இறங்கும். கண்ணாடியின் எண் அசையாது. இல்லாமல் போன குழாய் மெல்ல மெல்லக் கோடாக எழுந்து வரும். ஆறவிட்டால் மறுபடி கரையும். இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஹெச்.ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய 'தி இன்விசிபிள் மேன்' நாவலின் விஞ்ஞானி தன் உடலை மறைத்ததற்குச் சொல்லும் விளக்கமும் இதே ஒளிவிலகல் எண்தான். கற்பனை என்று படித்துவிட்டுப் போனோம். 2024 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் குழு 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. உணவில் மஞ்சள் நிறத்துக்காகச் சேர்க்கும் டார்ட்ரசின் என்ற சாயத்தைத் தண்ணீரில் கரைத்து உயிருள்ள எலியின் தோலில் தடவினார்கள். தோல் கண்ணாடி போல ஆகி உள்ளே உறுப்புகள் தெரிந்தன. கழுவியதும் பழையபடி ஆனது. தோல் ஒளியைச் சிதறடிப்பதற்குக் காரணம், அதில் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் வெவ்வேறு ஒளிவிலகல் எண்களோடு கலந்து கிடப்பது. சாயம் நீல ஒளியைக் கடுமையாக விழுங்கும். அப்படி விழுங்கும் பொருள் சிவப்பு ஒளிக்குத் தண்ணீரின் எண்ணை ஏற்றிவிடும். தண்ணீரின் எண் கொழுப்பின் எண்ணை நெருங்கியதும் சிதறல் அடங்குகிறது. ஒரு நிறத்தை விழுங்கும் சாயம் இன்னொரு நிறத்துக்கு வழி திறந்துவிடுகிறது! (தயவுசெய்து யாரும் இதைத் தங்கள் தோலில் செய்து பார்க்க வேண்டாம். மனிதத் தோல் தடிமனானது, விஷயமும் வேறு.)

கடலில், தோலை மாற்றி மறையும் வேலையைக் கணவாய் வெகு காலமாகச் செய்துவருகிறது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை படகிலிருந்து இறக்கும் கணவாயைக் கூடையில் குனிந்து பார்த்திருக்கிறேன். உயிர் போன பிறகும் அதன் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறமிப் பை, அதைச் சுற்றி இழுக்கும் தசைநார்கள். விரல் நகத்தளவு இடத்தில் புள்ளிகள் அலை அலையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏலம் முடிந்து கூடையைத் தூக்கும்வரை நகர மனம் வரவில்லை. அந்தப் புள்ளிகளுக்குக் கீழே ரிஃப்லெக்டின் என்ற புரதத்தால் ஆன எதிரொளிக்கும் அடுக்குகள் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அலோன் கோரோடெட்ஸ்கியின் குழு கணவாயின் தோலைப் பின்பற்றி, மின்னழுத்தம் கொடுத்தால் விரிந்து சுருங்கி, அகச்சிவப்பை எதிரொளிக்கும் அளவை மாற்றிக்கொள்ளும் மெல்லிய தகட்டை 2018-ல் செய்து காட்டியது. பெரும்பாலான கணவாய்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தனக்குத் தெரியாத நிறத்தை உடுத்திக்கொள்கிற உயிர்!

ரேடார் விஷயத்துக்கு வருகிறேன். குண்டு போடும் விமானங்கள் மீது எனக்கு ஆசை இல்லை. ஆனால் அவற்றை மறைத்த கணிதம் மீது அடக்க முடியாத மரியாதை உண்டு. ரேடார் அலை போகும்போதும் பரவிப் பலவீனமாகிறது, திரும்பும்போதும் பலவீனமாகிறது. அதனால் ஒரு விமானம் திருப்பி அனுப்பும் அலையைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ரேடார் அதைக் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகத்தான் குறையும். பத்தில் ஒரு பங்கு தூரம் வேண்டும் என்றால் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் எல்லோரும் கைவிட்டிருக்க வேண்டும். கைவிடாததற்கு ஒரு ரஷ்யப் புத்தகம் காரணம்.

பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர், கூர்மையான விளிம்புகளில் பட்டு அலை எப்படிச் சிதறும் என்று கணக்கிடும் முறையை 1962-ல் மாஸ்கோவில் நூலாக வெளியிட்டார். அங்கே அதை ரகசியம் என்று யாரும் பூட்டி வைக்கவில்லை. அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் 'ஸ்கங்க் வொர்க்ஸ்' பிரிவில் இருந்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்ற கணிதக்காரர் அதைப் படித்துவிட்டு, ஒரு வடிவத்தின் ரேடார் எதிரொலியைக் கணினியில் கணக்கிட முடியும் என்று கண்டுகொண்டார். அன்றைய கணினிகளால் தட்டையான பட்டைகளைத்தான் கணக்கிட முடிந்தது. அதனால்தான் ரேடாருக்கு ஒளியும் எஃப்-117 விமானம் பட்டை தீட்டிய கல் போல முகம் முகமாக இருக்கிறது. வளைந்த பரப்பையும் கணக்கிடும் திறமை கணினிகளுக்கு வந்தபோது வளைவுகளோடு பி-2 விமானம் வந்தது. ஒரு விமானத்தின் உருவத்தைப் பார்த்தே எந்தக் காலத்துக் கணினி அதைப் பெற்றது என்று சொல்லிவிடலாம்!

ஸ்கங்க் வொர்க்ஸில் விமானத்தின் மரமாதிரியைக் கம்பத்தின் மேல் நிறுத்தி ரேடாரில் சோதித்தபோது மாதிரியைவிடக் கம்பம் பிரகாசமாகத் தெரிந்ததாம். முதலில் கம்பத்தை மறைக்க வேண்டியதாயிற்று. பிரிவின் அன்றைய தலைவர் பென் ரிச் தன் நினைவுக் குறிப்பில் இன்னொன்றும் சொல்கிறார். ரேடாரை இயக்கியவர், மாதிரி கம்பத்திலிருந்து விழுந்துவிட்டது போலிருக்கிறதே என்றார். அந்த நேரம் ஒரு கறுப்புப் பறவை வந்து அதன் மேல் உட்கார, திரையில் புள்ளி தெரிந்தது. ரேடார் பார்த்தது அந்தப் பறவையை! 1977 டிசம்பரில் 'ஹேவ் ப்ளூ' என்ற சோதனை விமானம் பறந்தது; 1981 ஜூனில் எஃப்-117.

இதெல்லாம் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவது, அல்லது விழுங்குவது. இரண்டிலும் ஒரு குறை. பொருளுக்குப் பின்னால் நிழல் விழுந்துகொண்டேதான் இருக்கும். நிழலும் விழாமல், அலையைப் பொருளைச் சுற்றி நடத்திக்கொண்டுபோய் மறுபக்கம் பழைய வரிசையில் சேர்த்துவிட முடியுமா? ஆற்றின் நடுவில் நிற்கும் பாறையைத் தண்ணீர் சுற்றிப் போய்ச் சேர்ந்துகொள்வதைப் போல. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி, அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்மித், டேவிட் ஷூரிக் மூவரும் 2006-ல் அதற்கான கணிதத்தை வெளியிட்டார்கள். 'சயன்ஸ்' இதழின் அதே பதிப்பில் உல்ஃப் லியோன்ஹார்ட் தனியாக வேறு வழியில் அதே யோசனைக்கு வந்திருந்தார். அந்த அக்டோபரிலேயே டியூக்கில் செய்தே காட்டிவிட்டார்கள். செப்பு உருளை ஒன்றைச் சுற்றிப் பத்து வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் வரிசையாக அச்சிட்ட, சில மில்லிமீட்டர் அளவேயான பிளந்த செப்புச் சதுரங்கள். 8.5 ஜிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர். அலையைவிட இவ்வளவு சின்னதாகச் செதுக்கினால் அலைக்குத் தனித்தனிச் சதுரங்கள் தெரியாது. ஒரே பொருளாகத் தெரியும், இயற்கையில் இல்லாத பொருளாக. உருளையின் எதிரொலியும் நிழலும் வெகுவாகக் குறைந்தன.

அலையைவிடச் சின்ன அமைப்புகளால் புதுப் பொருள் செய்யும் இந்த யோசனையின் முன்னோடி நம் நாட்டிலேயே இருந்திருக்கிறார் என்று தெரிந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1898-ல், முறுக்கிய சணல் கட்டுகளுக்குள் மின்காந்த அலையைச் செலுத்தினார். வலப்பக்கம் முறுக்கிய சணல் அலையின் அதிர்வுத் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது, இடப்பக்கம் முறுக்கியது மறுபக்கம். சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதைச் சணல் அந்த அலைகளுக்குச் செய்தது. இப்படிச் செய்யும் பொருளுக்கு இன்று மெட்டாமெட்டீரியல் என்று பெயர்; அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தச் சணலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2024-ல் கான்பூர் ஐஐடி 'அனாலக்ஷ்யா' என்று ஒரு மெட்டாமெட்டீரியல் மறைப்பை அறிமுகம் செய்தது. அதற்கு அடிப்படை துணி, ரேடார் அலையை விழுங்கும் துணி.

ஆனால் டியூக்கின் மாயவளையம் ஒரே ஒரு அலைவரிசைக்குத்தான். சுற்றிப் போகும் அலை, நேராகப் போகும் அலையோடு சேர்ந்து வந்து நிற்க வேண்டும் என்றால் வேகமாக ஓட வேண்டும். ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் அலை முகடுகளை அப்படி ஓட வைக்கலாம். எல்லா நிறத்திலும் முடியாது. பிரான்செஸ்கோ மான்டிகோன், ஆண்ட்ரியா அலூ இருவரும் 2013-ல் இன்னும் ஒன்றைக் காட்டினார்கள். தானாக மின்சாரம் எதுவும் எடுக்காத இப்படிப்பட்ட போர்வை ஒரு அலைவரிசையில் மறைத்தால், எல்லா அலைவரிசைகளையும் சேர்த்துக் கூட்டும்போது வெறும் பொருளைவிட அதிகமாகவே சிதறடிக்கும். ஒரு ஜன்னலில் ஒளிந்தவன் மற்ற ஜன்னல்களில் கூடுதலாகத் தெரிகிறான். இதைப் படித்ததும் என் உற்சாகம் கூடியது. எல்லை எங்கே என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிற துறை எத்தனை இருக்கிறது?

எல்லா நிறத்திலும் மறைய வேண்டும் என்றால், எல்லாப் பக்கமும் மறைய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். நேர் எதிரே நின்று பார்ப்பவருக்கு மட்டும் மறைந்தால் போதும் என்று விட்டுக்கொடுங்கள். வெறும் நான்கு லென்ஸில் காரியம் முடிந்தது! நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹவெல், ஜோசஃப் சோய் இருவரும் 2014-ல் செய்தது இதுதான். ஹவெல் அதற்கு முன்பே தன் மகனோடு சேர்ந்து கண்ணாடி, லென்ஸ், தண்ணீர் இவற்றை வைத்துப் பெரிய பொருட்களை மறைக்கும் எளிய ஏற்பாடுகளைச் செய்து பார்த்தவர். நான்கு லென்ஸ் ஏற்பாட்டை நான் என் சாப்பாட்டு மேசையில் செய்திருக்கிறேன். வாழ்க்கையில் என் கையால் செய்த எதுவும் இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

பள்ளி ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் 5 செ.மீ. அகலக் குவிலென்ஸ்கள் போதும். 30 செ.மீ. குவியத் தொலைவில் இரண்டு, 10 செ.மீ.யில் இரண்டு. நேரான மரச்சட்டம் ஒன்றின் மேல் குவியத் தொலைவு 30, 10, 10, 30 என்ற வரிசையில், எல்லா மையமும் ஒரே உயரத்தில் வருமாறு நிறுத்துங்கள். ஒரு லென்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 40 செ.மீ. மூன்று இடைவெளியும் அதே 40. குவியத் தொலைவுகள் ஒன்றுக்கு மூன்று என்று இருக்கும்போது மட்டும் கணக்கு இப்படிச் சமமாக விழுகிறது. மொத்தம் 120 செ.மீ. ஒரு முனைக்கு அப்பால் சுவரில் பெரிய கட்டம் போட்ட தாளை ஒட்டுங்கள். மறுமுனைக்கு இப்பால் கொஞ்சம் தள்ளி செல்போனை நிறுத்தி, ஜூம் செய்து பாருங்கள். கண்ணைவிட ஜூம் செய்த கேமராவில் நன்றாகத் தெரிகிறது.

முதல் இரண்டு லென்ஸ் வைத்ததும் கட்டங்கள் தலைகீழாகத் தெரியும். நான்கும் வந்ததும் நிமிர்ந்துவிடும். இப்போது இடைவெளிகளை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துங்கள். லென்ஸுக்குள் தெரியும் கோடுகளும் வெளியே சுவரில் தெரியும் கோடுகளும் தொட்டுக்கொண்டு ஒரே கோடாக ஓடும் ஒரு இடம் வரும். அந்தக் கணத்தில் லென்ஸ்களே இல்லாதது போல ஆகிவிடும். நான்கு கண்ணாடித் துண்டுகள் சேர்ந்து வெறும் காற்றின் வேலையைச் செய்கின்றன! அந்த இடம் அகப்பட்டபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மாயம். முதல் லென்ஸிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஒளி முழுவதும் ஒரு சின்னப் புள்ளியாக ஒடுங்கும் இடம் இருக்கிறது. அங்கே நடுவில் பென்சிலை வைத்தால் மொத்தக் காட்சியும் இருண்டுவிடும். ஒரு சென்டிமீட்டர் விலக்கி வையுங்கள். பென்சில் இல்லை. கட்டங்கள் முழுசாக, ஒரு கோடுகூட அறுபடாமல் நிற்கின்றன. கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, வளையத்தின் ஓட்டை வழியே அந்தப் புள்ளி போகும்படி வைத்தேன். லென்ஸின் பரப்பை என் கை முழுக்க அடைத்து நிற்கிறது. ஆனால் செல்போன் திரையில் கை இல்லை. மணிக்கட்டு லென்ஸ் விளிம்புவரை வருகிறது, அங்கே முடிந்துவிடுகிறது, உள்ளே கட்டம் போட்ட தாள். விரல்களை அசைக்கிறேன், அசைவது எனக்குத் தெரிகிறது, திரையில் கோடுகள் அசையாமல் நிற்கின்றன. பக்கத்து வீட்டுச் சிறுமி லென்ஸுக்கும் திரைக்கும் மாறி மாறி ஓடி, "மாமா, உங்க கை எங்க போச்சு?" என்று கேட்டாள். அவளைத் தன் விரலையே வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அன்று மேசையை எனக்கு அவள் திருப்பித் தரவில்லை.

சாதாரண லென்ஸில் விளிம்போரம் வானவில் சாயல் தெரியும். அது பிடிக்காவிட்டால் இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டிச் செய்யும் அக்ரோமாட்டிக் லென்ஸ் கேளுங்கள். விலை கூடுதல், காட்சி துல்லியம். ரோசெஸ்டர்காரர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள், 200 மி.மீ.யும் 75 மி.மீ.யும். உங்களுக்குக் கிடைக்கும் லென்ஸ் மூன்று மடங்காக அமையாவிட்டாலும் கவலை வேண்டாம். ஓரத்து இரண்டு இடைவெளிகளும் இரு குவியத் தொலைவுகளின் கூட்டுத்தொகை. நடு இடைவெளிக்கு, அந்தக் கூட்டுத்தொகையைச் சிறிய குவியத் தொலைவின் இரு மடங்கால் பெருக்கி, இரண்டின் வித்தியாசத்தால் வகுங்கள். ரோசெஸ்டர் லென்ஸ்களுக்கு 275, 330, 275 மி.மீ. வரும், போட்டுப் பாருங்கள். கடையில் அட்டைப்பெட்டி மேல் எழுதியிருக்கும் குவியத் தொலைவை மட்டும் நம்பாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் மரத்தின் பிம்பத்தை எதிர்ச்சுவரில் தெளிவாக விழவைத்து, லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கு ஒதுக்குங்கள், குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், மேசையில் இருக்கும் காபி டம்ளரை மட்டும் தள்ளி வைத்துவிடுங்கள்.